மங்கோல்புரிக்காரரின் ஓட்டு

நாடாளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் தொகுதி மேம்பாட்டு நிதி என்று அப்போது ஆண்டுக்கு 2 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். தொகுதி பெரிதானாலும் சிறிதானாலும் தொகை அதேதான். 2003-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் டெல்லியில் என்னைத் தேடி வந்த பெரியவர் ஒருவர், தம் வழக்கை அந்த 2 கோடியிலிருந்துதான் தொடங்கினார்.

“சாந்தினி சௌக் எம்.பி.க்கும் ரெண்டு கோடி, எங்க எம்.பி.க்கும் ரெண்டு கோடி. அங்க ஓட்டு நாலு லட்சம்கூட இல்ல. எங்க தொகுதியில முப்பது லட்சத்துக்கு மேல. தலைக்கு எவ்ளோ வருதுன்னு நீங்களே போட்டுப் பாருங்க தம்பி.”

எனக்கு அந்த வேலையையும் அவர் வைக்கவில்லை. பேத்தியின் பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவரே வகுத்து வைத்திருந்தார். சாந்தினி சௌக் வாக்காளருக்குத் தலைக்கு 50 ரூபாய்க்கு மேல். அவருக்கு ஏழு ரூபாய்கூடத் தேறவில்லை.

கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு டெல்லி வந்தவர். குடியிருப்பு மங்கோல்புரி. ஓட்டு ‘அவுட்டர் டெல்லி’ தொகுதியில். டெல்லிக்கு மக்களவையில் ஏழு இடங்கள். அந்த ஏழில் ஒன்றான அவுட்டர் டெல்லியில் மட்டும் தலைநகரின் வாக்காளர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். வாக்காளர் எண்ணிக்கையில் நாட்டிலேயே பெரிய தொகுதி அது. பழைய டெல்லியின் சந்துகளுக்குள் அடங்கிவிடும் சாந்தினி சௌக், ஒன்றிரண்டு மணி நேரத்தில் நடந்தே சுற்றிவிடக்கூடிய தொகுதி. இரண்டிலிருந்தும் ஒவ்வொருவர் அவைக்குப் போனார். ஒவ்வொருவருக்கும் ஒரு ஓட்டு.

“என் ஓட்டும் ஒரு காலத்துல சாந்தினி சௌக்லதான் இருந்துச்சு” என்று சொல்லிவிட்டு, பாலிதீன் உறையிலிருந்து சில தாள்களை எடுத்து மேசைமேல் வைத்தார். நெருக்கடி நிலைக் காலத்தில் பழைய டெல்லியின் குடிசைப் பகுதிகள் இடிக்கப்பட்டு, சுமார் 7 லட்சம் பேர் நகரத்துக்கு வெளியே கொண்டுபோய் விடப்பட்டார்கள். மங்கோல்புரி, சுல்தான்புரி, ஜஹாங்கிர்புரி எல்லாம் அப்படி முளைத்த குடியிருப்புகள்தாம். குடும்பத்துக்கு 25 சதுர கஜம் மனை. அந்த மனைக்கு அரசு கொடுத்த பர்ச்சி, அதாவது ஒதுக்கீட்டுச் சீட்டு, முதல் தாள். மடித்து மடித்து நடுவில் கிழிந்து, பின்பக்கம் டேப் ஒட்டியிருந்தது. அதில் இருந்த தேதி 1976-ஆம் ஆண்டு கோடைக்காலம். இரண்டாவது தாள், அவர் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டதற்கான சான்றிதழ். மனை வேண்டுமானால் அதைக் காட்டு என்று டெல்லியில் பல இடங்களில் கேட்ட காலம் அது. மூன்றாவது, தேர்தல் ஆணையத்தின் புகைப்பட அடையாள அட்டையின் நகல்.

அந்த மூன்று தாள்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோது வழக்கின் முழு உருவமும் எனக்குத் தெரிந்தது. 42-ஆவது அரசமைப்புச் சட்டத்திருத்தத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தது 1976 டிசம்பர் 18. தொகுதிகளை மறுசீரமைக்கும் வேலையை 2000-க்குப் பிறகு வரும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை நிறுத்தி வைத்தது அந்தத் திருத்தம்தான். கோடையில் இவரை லாரியில் ஏற்றிப் புறநகரில் இறக்கினார்கள். குளிர்காலத்தில் தொகுதிகளின் கோடுகளை அசையாமல் கட்டிப் போட்டார்கள். ஆள் இடம் மாறினார், எம்.பி. இடம் மாறவில்லை. புறநகருக்கு மேன்மேலும் மக்கள் வந்து சேர, அவருடைய ஓட்டு ஆண்டுக்கு ஆண்டு இளைத்துக்கொண்டே போனது.

நான் அப்போது தனியாகப் பிராக்டிஸ் தொடங்கியிருந்த இளம் வழக்கறிஞன். வக்காலத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, என் பழைய சீனியரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “மனு நல்ல மனு. 329-ஐத் தாண்டி எப்படிப் போவாய்?” என்று மட்டும் கேட்டார்.

அரசமைப்புச் சட்டத்தின் 329-ஆவது பிரிவு, (அ) உட்பிரிவு: தொகுதி வரையறை பற்றியோ தொகுதிகளுக்கு இடங்கள் ஒதுக்குவது பற்றியோ இயற்றப்பட்ட எந்தச் சட்டத்தின் செல்லுபடியையும் நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது. வரையறை ஆணையத்தின் உத்தரவுக்கும் இது பொருந்துமா என்ற கேள்வியை உச்ச நீதிமன்றம் 1966-லேயே மேக்ராஜ் கோத்தாரி வழக்கில் தீர்த்துவிட்டது. உஜ்ஜயினி தொகுதி தனித் தொகுதியாக்கப்பட்டதை எதிர்த்து வந்த வழக்கு அது. ஆணையத்தின் உத்தரவு அரசிதழில் வெளியானதும் சட்டமாகிவிடுகிறது, அதைத் தொட முடியாது என்றது நீதிமன்றம். காரணமும் நியாயமானதுதான். ஊருக்கு ஒரு வாக்காளர் வழக்குப் போட்டுத் தடை வாங்கினால், நாட்டில் தேர்தலே நடக்காது.

ஆகவே நான் பழைய எல்லை உத்தரவைத் தாக்கவில்லை. 81-ஆவது பிரிவைப் பிடித்துக்கொண்டேன். அதன் (2)-ஆவது உட்பிரிவில் இரண்டு வாக்குறுதிகள் உள்ளன. முதலாவது, (அ): ஒவ்வொரு மாநிலத்துக்கும் கொடுக்கும் இடங்களுக்கும் அதன் மக்கள்தொகைக்கும் உள்ள விகிதம், இயன்ற வரை எல்லா மாநிலங்களுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டாவது, (ஆ): ஒரு மாநிலத்துக்குள் தொகுதிக்குத் தொகுதி அந்த விகிதம் இயன்ற வரை ஒன்றாக இருக்க வேண்டும். கூடவே சட்டத்தின் முன் சமத்துவம் பேசும் 14-ஆவது பிரிவு. நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் புதிய வரையறை ஆணையம் 2002-லேயே அமைக்கப்பட்டுவிட்டது. எனவே எங்கள் கோரிக்கை சிறியது: வரப்போகும் மக்களவைத் தேர்தலுக்கு முன் டெல்லியின் ஏழு தொகுதிகளையாவது ஆணையம் முடித்துத் தர வேண்டும். துணைக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1964-ஆம் ஆண்டுத் தீர்ப்பான வெஸ்பெரி எதிர் சாண்டர்ஸ். ஜார்ஜியா மாநிலத்தில் அட்லாண்டா நகரம் அடங்கிய தொகுதியில் 8,23,680 பேர். இன்னொரு தொகுதியில் 2,72,154 பேர். மூன்று மடங்கு வித்தியாசத்துக்கே அது அரசமைப்புக்கு விரோதம் என்றார்கள். என் கட்சிக்காரருடையது எட்டு மடங்கு.

வழக்கு டிவிஷன் பெஞ்ச் முன் வந்தது. அட்மிஷன் கட்டத்திலேயே முடிந்துபோகும் என்று நினைத்தவர்கள் அதிகம். ஆனால் நீதிபதிகள் நேரம் கொடுத்துக் கேட்டார்கள்.

அரசுத் தரப்பு வழக்கறிஞர் எழுந்து முதலில் சொன்னது, நான் இரவெல்லாம் எதிர்பார்த்துப் பயந்திருந்த அதே வாதம். 81(2) மாநிலங்களுக்கானது, டெல்லி யூனியன் பிரதேசம், யூனியன் பிரதேசங்களுக்கு எப்படி இடம் கொடுப்பது என்பதை நாடாளுமன்றமே சட்டம் போட்டு முடிவு செய்யலாம், ஆக மனுதாரர் பிடித்துத் தொங்கும் உட்பிரிவே அவருக்கு இல்லை என்றார். என் கையில் பதில் இருந்தது. 2002-ஆம் ஆண்டு வரையறைச் சட்டத்தில் ‘மாநிலம்’ என்பதற்குக் கொடுத்த விளக்கத்தில், சட்டமன்றம் உள்ள யூனியன் பிரதேசமும் அடங்கும். டெல்லிக்குச் சட்டமன்றம் உண்டு. வரியை வாசித்துக் காட்டியதும் மூத்த நீதிபதி தலையசைத்து, அடுத்ததற்குப் போகச் சொன்னார்.

அடுத்தது லட்சத்தீவு. சில பத்தாயிரம் வாக்காளர்களுக்கு அங்கே ஒரு எம்.பி. இருக்கிறாரே, அதையும் சமமாக்க வேண்டுமா என்று கேட்டார் அரசுத் தரப்பு வழக்கறிஞர். சிறிய மாநிலங்களை அந்த விகிதக் கணக்கிலிருந்து விலக்க 81-ஆவது பிரிவிலேயே இடம் வைத்திருக்கிறார்கள். கடல் நடுவே இருக்கும் தீவுக்கூட்டத்தை இன்னொரு தொகுதியோடு சேர்க்க முடியாதது இயலாமை. மங்கோல்புரிக்கும் சாந்தினி சௌக்குக்கும் நடுவில் கடல் இல்லை, டி.டி.சி. பஸ் ஓடுகிறது என்றேன். பெஞ்சில் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் இளைய நீதிபதி கேட்ட கேள்விதான் இத்தனை வருடம் கழித்தும் என்னோடு இருக்கிறது.

“வழக்கறிஞரே, நீங்கள் எந்த மாநிலம்?”

“தமிழ்நாடு, மை லார்ட்.”

“எல்லா ஓட்டுக்கும் எடை சமமாக இருக்க வேண்டும் என்கிறீர்கள். அதே தராசை மாநிலங்களுக்கு நடுவே வைக்கச் சொன்னால், அப்போதும் இதே வாதத்தை வைப்பீர்களா?”

அவர் என்ன கேட்கிறார் என்பது கோர்ட் ஹாலில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது. 1971 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 4.12 கோடி, எம்.பி.க்கள் 39, ராஜஸ்தான் 2.58 கோடி, எம்.பி.க்கள் 25. ஓர் எம்.பி.க்குச் சராசரியாக இங்கே பத்தரை லட்சம் பேர், அங்கே பத்தேகால் லட்சம். கிட்டத்தட்டச் சமம். 2001 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஓர் எம்.பி.க்கு 16 லட்சம் பேர், ராஜஸ்தானில் 22 லட்சத்துக்கும் மேல். அதாவது, ராஜஸ்தான் வாக்காளர் என்னைப் பார்த்து, மங்கோல்புரிப் பெரியவர் சாந்தினி சௌக்கைப் பார்த்துக் கேட்ட அதே கேள்வியைக் கேட்கலாம். என் மனுவின் தர்க்கத்தை நேர்கோட்டில் இழுத்துக்கொண்டு போனால் அது என் சொந்த மாநிலத்தின் இடங்களில் போய் முட்டும்.

“அது (அ), மை லார்ட். என் கட்சிக்காரர் நிற்பது (ஆ)-வில்” என்றேன்.

“தெரியும். ஆனால் நாடாளுமன்றம் இரண்டையும் ஒன்றாகத்தானே நிறுத்தி வைத்தது?” என்றார் நீதிபதி.

அந்தக் கேள்வியிலேயே பதிலும் இருந்தது. மாநிலங்களின் பங்கை நிறுத்தி வைத்ததற்குக் காரணம் பதிவில் இருக்கிறது. 1976 ஏப்ரலில் வெளியான தேசிய மக்கள்தொகைக் கொள்கை அதை வெளிப்படையாகச் சொன்னது: குடும்பக் கட்டுப்பாட்டில் முனைப்புக் காட்டும் மாநிலத்துக்கு அவையில் இடம் குறையக் கூடாது, ஆகவே 2001 வரை 1971-இன் எண்ணிக்கையே நிற்கட்டும். ஒரு அரசு மாநிலங்களுக்குக் கொடுத்த வாக்கு அது. சரி. ஆனால் ஒரே மாநிலத்துக்குள், ஒரே நகரத்துக்குள் எம்.பி.க்களின் எண்ணிக்கையைத் தொடாமல் எல்லைக்கோட்டை மட்டும் நகர்த்தினால் எந்த மாநிலத்துக்கு என்ன இழப்பு? ஒன்றுமில்லை. டெல்லிக்கு ஏழு இடம் ஏழாகவே இருந்திருக்கும். அந்த இரண்டாவது தடைக்குக் குடும்பக் கட்டுப்பாட்டைக் காரணமாகக் காட்ட வழியே இல்லை. இருந்தும் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டுப் பூட்டினார்கள்.

இதை நீதிமன்றத்தில் சொன்னேன். பர்ச்சிக்குக் கீழே இருந்த இரண்டாவது தாளையும் பெஞ்சுக்குக் கொடுத்தேன். குடும்பக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடிப்பவருக்கு இழப்பு வரக் கூடாது என்று சொல்லிக் கொண்டுவந்த திருத்தம், அறுவை செய்துகொண்டதற்குச் சான்றிதழ் வைத்திருக்கும் இந்த மனிதரின் ஓட்டைத்தான் எட்டில் ஒன்றாக்கியது என்றேன். மூத்த நீதிபதி அந்தத் தாளை வாங்கி, மூக்குக்கண்ணாடியை உயர்த்திக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

பிறகு உத்தரவைச் சொன்னார். தேர்தல் நெருங்கிவிட்டது, வாக்காளர் பட்டியல்கள் பழைய எல்லைகளின்படி தயாராகின்றன, ஆணையம் வேலையில் இருக்கிறது, அதற்குக் கெடு வைப்பது 329 தடுத்த இடத்தில் பின்வாசல் வழியாக நுழைவதாகும். மனு முடித்துவைக்கப்படுகிறது, மனுதாரர் தம் கோரிக்கையை ஆணையத்தின் முன் வைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கத்துக்குள் முடிந்த உத்தரவு.

ஜப்பானில் இதே சிக்கலில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஓரடி முன்னே போயிருந்தது. 1972-இல் நடந்த கீழவைத் தேர்தலில் தொகுதிகளுக்கு நடுவே ஓட்டின் மதிப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு வேறுபட்டது; அது அரசமைப்புக்கு முரண் என்று 1976 ஏப்ரலில் அறிவித்தது. தேர்தலை மட்டும் ரத்து செய்யவில்லை. குழப்பம் வராமல் கண்டனத்தைப் பதிவு செய்யும் வழி அது. அப்படி ஒரு வரியாவது எங்களுக்குக் கிடைக்குமா என்று எதிர்பார்த்தேன். கிடைக்கவில்லை. அவர்களுக்கு 329 போன்ற பிரிவு கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும்.

2004 மே மாதம் டெல்லி பழைய எல்லைகளின்படியே வாக்களித்தது. பெரியவர் வரிசையில் நின்று தம் எட்டில் ஒரு பங்கு ஓட்டைப் போட்டுவிட்டு வந்தார்.

ஆணையம் டெல்லியில் பொது அமர்வு நடத்தியபோது அவரும் போனார். வரைவுத் திட்டத்தை வெளியிட்டு, ஆட்சேபங்களைப் பெற்று, பொது அமர்வில் நேரில் கேட்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆணையத்துக்கு உதவ எம்.பி.க்கள், எம்.எல்.ஏ.க்கள் இணை உறுப்பினர்களாக இருப்பார்கள். ஓட்டுரிமை அவர்களுக்குக் கிடையாது. நீதிமன்றத்தில் வாய் திறக்க வழியில்லாதிருந்த மனிதர் அங்கே மைக் முன் நின்று, முப்பது வருடமாகப் பேசிப் பழகிய இந்தியில் தம் 2 கோடிக் கணக்கைச் சொன்னார். அவருக்கு முன்னும் பின்னும் பேசியவர்களில் பெரும்பாலோர் கட்சிக்காரர்கள். எந்தக் காலனி எந்தத் தொகுதிக்குப் போனால் யாருக்கு லாபம் என்பது அவர்கள் கவலை.

புதிய வரையறை 2008 பிப்ரவரி 19-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அவுட்டர் டெல்லி என்ற தொகுதியே வரைபடத்திலிருந்து போனது. எழுபது சட்டமன்றத் தொகுதிகளும் ஏழு மக்களவைத் தொகுதிகளுக்குப் பத்துப் பத்தாகப் பிரிக்கப்பட்டன. மங்கோல்புரி வடமேற்கு டெல்லியில் சேர்ந்தது. மொத்தத்தில் டெல்லி ஓர் இடத்தையும் இழக்கவில்லை, ஓர் இடத்தையும் கூடுதலாகப் பெறவில்லை. முப்பதாண்டு அநியாயத்தைத் தீர்க்கத் தேவைப்பட்டது அவ்வளவுதான். இதை 1981 கணக்கெடுப்புக்குப் பிறகே செய்திருக்கலாம். 1991-க்குப் பிறகும் செய்திருக்கலாம். எந்த மாநிலமும் வருந்தியிருக்காது.

தமிழ்நாட்டில் இந்த விவாதம் இப்போது சூடாக நடக்கிறது. தென்காசி தனித் தொகுதி பற்றிய ஒரு மனுவைத் தள்ளுபடி செய்தபோது, 2021 ஆகஸ்டில் நீதிபதிகள் என்.கிருபாகரன், பி.புகழேந்தி அமர்வு மதுரையில் எழுப்பிய கேள்விகளைப் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். 1962-இல் 41 ஆக இருந்த தமிழ்நாட்டின் இடங்கள் 1967-இல் 39 ஆனதை எடுத்துக்கொண்டு, இழந்த இரண்டு இடங்களுக்கு ஈடாக 5,600 கோடி ரூபாய் கொடுக்கலாமே என்று ஒன்றிய அரசைக் கேட்டது அமர்வு. 2025 மார்ச்சில் சென்னையில் பல மாநில முதல்வர்களும் தலைவர்களும் கூடி, இப்போதைய நிலையை இன்னும் 25 ஆண்டுகள் நீட்டிக்கச் சொன்னார்கள். மாநிலப் பங்கைப் பொறுத்தவரை அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது என்பதே என் கட்சி. 1976-இல் கொடுத்த வாக்கு, 2000-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கொள்கையிலும் 2001-ஆம் ஆண்டின் 84-ஆவது திருத்தத்திலும் புதுப்பிக்கப்பட்ட வாக்கு. அதை நம்பி நடந்தவர்களிடம் கணக்கை மாற்றிப் போட முடியாது. அதே மூச்சில் ராஜஸ்தான் வாக்காளரின் குறையும் உண்மையானது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி அங்கே ஓர் எம்.பி.க்கு 27 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள்; நமக்குப் பதினெட்டரை லட்சம். இரண்டு நியாயங்கள் மோதும் இடம் அது. மாநிலங்கள் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டியது. வகுத்தல் கணக்கு தீர்க்காது, நீதிமன்றமும் தீர்க்காது.

இந்தச் சத்தத்தில் இரண்டாவது பூட்டை யாரும் கவனிப்பதில்லை. 84-ஆவது திருத்தம் உள் எல்லைகளை ஒரே ஒருமுறை திருத்த அனுமதித்துவிட்டு, 2026-க்குப் பிந்தைய கணக்கெடுப்பு வரை அதையும் மறுபடி நிறுத்தி வைத்தது. விளைவு, தெலங்கானாவின் மல்காஜ்கிரி 2014 தேர்தலிலேயே 30 லட்சம் வாக்காளர்களைத் தாண்டி இன்னொரு அவுட்டர் டெல்லி ஆகிவிட்டது. தமிழ்நாட்டுக்குள்ளேயே பாருங்கள். 2024 தேர்தலில் தாம்பரம், பல்லாவரம், அம்பத்தூர் எல்லாம் அடங்கிய ஸ்ரீபெரும்புதூரில் 23 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள். நாகப்பட்டினத்தில் 13 லட்சம் சொச்சம். தாம்பரத்துக்காரர் ஓட்டு நாகப்பட்டினத்துக்காரர் ஓட்டில் பாதியைக் கொஞ்சம் தாண்டுகிறது. இரண்டு பேரும் ஒரே மாநிலம்; இதற்கு வடக்கு–தெற்கு என்று யாரும் காரணம் சொல்ல முடியாது. இதைச் சரிசெய்தால் தமிழ்நாட்டின் 39-இல் ஒன்றுகூடக் குறையாது.

தாம்பரத்திலிருந்து ஒருவர் இன்று என்னிடம் வந்தால் வழக்கை எடுப்பேன். 2003-இல் இல்லாத ஒரு பிடிமானம் இப்போது இருக்கிறது. குஜராத்தின் பர்தோலி தொகுதி பற்றிய கிஷோர்சந்திர ரத்தோட் வழக்கில், 329 நீதிமன்றத்தின் வாயை முழுவதுமாக அடைத்துவிடவில்லை, உத்தரவு வெளிப்படையாகவே தன்னிச்சையானது, அரசமைப்பின் மதிப்புகளோடு ஒத்துவராதது என்றால் நீதிமன்றம் பார்க்கலாம் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் திருத்தமே தடுத்து நிறுத்தியதை ஒரு தீர்ப்பு முழுமையாகத் திறந்துவிடாது. ஆகவே நீதிமன்றத்துக்குப் போகும் அதே நாளில், தாம்பரத்துக்காரரைத் தம் எம்.பி.க்கும் ஒரு கடிதம் எழுதச் சொல்வேன். மாநிலங்களின் பங்கை நீட்டிக்க அடுத்த திருத்தத்தை வரையும்போது, மாநிலத்துக்குள் எல்லை திருத்தும் விஷயத்தைத் தனி உட்பிரிவாகப் பிரித்து எழுதுங்கள். முதலாவதை 25 ஆண்டுகளுக்கோ 50 ஆண்டுகளுக்கோ நிறுத்தி வையுங்கள், இரண்டாவதைப் பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் செய்யுங்கள் என்று கேட்டால் போதும். அதற்கு எதிராக வாதாட எந்த மாநிலத்துக்கும் காரணம் இருக்காது.